பறக்கும் காரின் வடிவமைப்பில் உண்மையான முடிச்சு எங்கே விழுகிறது?

கேள்வி: இயந்திரவியல் இறுதியாண்டு மாணவர்

அனைவருக்கும் வணக்கம். இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, சாலையில் ஓடவும் வானில் பறக்கவும் கூடிய இருவர் ஊர்தி ஒன்றைத் தாளளவில் வடிவமைக்க எங்கள் குழு முடிவு செய்திருக்கிறது. பயணிகள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 1,000 கிலோ எடை. இறக்கை மடிந்திருக்கும்போது இரண்டேகால் மீட்டருக்கு மேற்படாத அகலம். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்திலும் விழாமல் காற்றில் நிற்கும் திறன். இவற்றை இலக்காக வைத்துக் கணக்கிட்டபோது இறக்கைப் பரப்பு 11 முதல் 12 சதுர மீட்டர் என்றும், இறக்கையின் முழு நீளம் சுமார் 9 மீட்டர் என்றும் வந்தது. நம் ஊரில் ஒரு லேனின் அகலம் மூன்றரை மீட்டர் என்பதால், இறக்கை மடிந்தே ஆக வேண்டும்.

இதற்கு முன் முயன்றவர்களைப் பற்றிப் படித்தோம். 1917-இல் நியூயார்க் கண்காட்சியில் கர்ட்டிஸ் வைத்த ஆட்டோபிளேன் தரையிலிருந்து சற்றே எம்பியதோடு நின்றுவிட்டது. மோல்ட் டெய்லரின் ஏரோகார் 1949-இல் பறந்து, 1956-இல் அமெரிக்க அரசின் சான்றிதழும் பெற்றது. ஆனால் கட்டப்பட்டவை ஆறே ஆறு. ஸ்லோவாக்கியாவில் ஸ்டெஃபான் க்ளைன் உருவாக்கிய ஏர்கார், 2021 ஜூன் 28 அன்று நித்ராவிலிருந்து பிராட்டிஸ்லாவாவுக்கு 35 நிமிடங்களில் பறந்து சென்று, இறங்கிய சில நிமிடங்களில் இறக்கையை மடித்துக்கொண்டு நகரத்துக்குள் காராக ஓடியது. ஆக, பறக்க முடியுமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் நூறாண்டுகளுக்குப் பிறகும் ஒரு சாதாரண வீட்டின் போர்ட்டிகோவில் அப்படி ஓர் ஊர்தி நிற்கவில்லை.

பணமும் சட்டமும்தான் காரணம் என்கிறார் எங்கள் வழிகாட்டி. எனக்கு அது போதுமான விடையாகத் தோன்றவில்லை. எங்களுக்கு நான்கே மாதங்கள் இருக்கின்றன. எந்த ஒரு பகுதியில் எங்கள் உழைப்பைச் செலுத்தினால் இந்தச் சிக்கலின் வேரைத் தொட்டதாக ஆகும்? குழுவில் ஒருவர், இறக்கையே வேண்டாம், ட்ரோன் போல நேராக மேலெழும்பும் வடிவத்துக்குப் போய்விடலாம் என்கிறார். அதைப் பற்றியும் உங்கள் கருத்து தேவை.

மறுமொழி 1: கார் சேஸிஸ் வடிவமைப்பில் பணிபுரிபவர்

நல்ல கேள்வி. நான் தரையில் ஓடுவனவற்றை மட்டுமே அறிந்தவன் என்பதால் சக்கரத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஒரு கார் நிலையாக ஓடுவதற்கு அதன் எடை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் ஏறக்குறைய சமமாகப் பகிரப்பட வேண்டும். ஆகவே பின் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்திலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் தள்ளி இருக்கும். சிறிய விமானத்திலோ முதன்மைச் சக்கரங்கள் ஈர்ப்பு மையத்துக்குச் சற்றே பின்னால், கையெட்டும் தொலைவில் இருக்கும். ஓடுபாதையில் வேகம் பிடித்ததும் விமானி வாலைக் கீழே அழுத்த, அந்தச் சக்கரங்களையே அச்சாகக் கொண்டு மூக்கு உயர, இறக்கை காற்றைச் சரியான கோணத்தில் எதிர்கொண்டு விமானம் எழும்புகிறது. காருக்கு உரிய இடத்தில் பின் சக்கரங்களை வைத்துவிட்டு அதே மூக்கைத் தூக்கச் சொன்னால், வால் பல மடங்கு அதிக விசையைத் தர வேண்டும். வாலைப் பெரிதாக்கலாம், அல்லது இன்னும் பின்னால் நீட்டலாம். க்ளைனின் ஏர்காரில் வால்பகுதி முழுவதும் பறக்கும்போது பின்னோக்கி நீண்டு, சாலையில் உள்ளிழுக்கப்படுகிறது. அப்படி நகரும் ஒவ்வொரு பகுதிக்கும் தண்டவாளம், மோட்டார், பூட்டு என்று எடை கூடிக்கொண்டே போகும்.

சஸ்பென்ஷனும் இதே கதைதான். நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும் 1,000 கிலோ ஊர்தி, ஏறக்குறைய அரை மீட்டர் உயரத்திலிருந்து தரையில் போடப்பட்டதற்கு ஒப்பாகும். அந்த அடியை ஒரே அமுக்கத்தில் விழுங்கி, திரும்ப எம்பாமல் இருக்க வேண்டும். ஆனால் பள்ளம் மேடான சாலையில் பயணிகள் முதுகு நோகாமல் அமர்ந்திருக்க வேண்டுமென்றால் ஸ்பிரிங் மென்மையாக இருக்க வேண்டும். இரண்டையும் அதிர்வை அடக்கும் ஒரே டேம்பரில் அடைவது இயலாத காரியம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எடையிலும் விலையிலும்தான் முடியும்.

இயந்திரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நெடுஞ்சாலையில் சீராகச் செல்லும் கார், தன் இயந்திரத்தின் முழுத் திறனில் ஐந்தில் ஒரு பங்கைக்கூடப் பெரும்பாலும் பயன்படுத்துவதில்லை. விமான இயந்திரமோ மணிக்கணக்கில் முக்கால் பங்குத் திறனில் ஓடிக்கொண்டிருக்கும். காரின் குளிரூட்டும் அமைப்பை அப்படியே மேலே கொண்டுபோனால் சூடேறிவிடும். காற்றால் குளிரும் விமான இயந்திரத்தை டிராஃபிக்கில் நிறுத்திவைத்தாலும் சூடேறிவிடும். ஏரோகாரில் காருக்குள் இருந்த ஒரே இயந்திரம் சாலையில் முன் சக்கரங்களையும், வானில் வாலின் கடைசியில் இருந்த ப்ரொப்பல்லரையும் சுற்றியது. அவ்வளவு நீளமான தண்டு முறுக்கு அதிர்வால் உடைந்துவிடாமல் காப்பதற்கே டெய்லர் தனிப்பட உழைக்க வேண்டியிருந்தது.

பாதுகாப்புக் கருவிகளின் எடையையும் மறந்துவிடாதீர்கள். அமெரிக்காவின் டெர்ராஃபியூஜியா ட்ரான்சிஷன் என்ற பறக்கும் கார், இலகுரக விளையாட்டு விமானம் என்ற பிரிவுக்கு அப்போது இருந்த 1,320 பவுண்டு வரம்புக்குள் அடங்கவில்லை. ஏர்பேக், மோதலில் நசுங்கி அடியை வாங்கும் முன்பகுதி போன்றவை சேர்ந்ததால் 2010-இல் 110 பவுண்டு கூடுதல் எடைக்குச் சிறப்பு விலக்கு பெற வேண்டியிருந்தது. வானில் இருக்கும் நேரமெல்லாம் பம்பர் வெறும் சுமை. சாலையில் இருக்கும் நேரமெல்லாம் இறக்கை வெறும் சுமை.

மறுமொழி 2: காற்றியக்கவியல் ஆய்வு மாணவர்

நேராக மேலெழும்பும் வடிவத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்த நண்பரை மனம் தளரவைக்க வேண்டும் என்பது என் நோக்கமன்று. கணக்கை மட்டும் அவர் முன் வையுங்கள்.

காற்றில் அசையாமல் நிற்கத் தேவைப்படும் திறன், ரோட்டர்கள் சுழன்று மூடும் மொத்தப் பரப்பைப் பொறுத்தது. பரப்பு குறையக் குறைய, குறைவான காற்றை அதிக வேகத்தில் கீழே தள்ள வேண்டியிருக்கும். அதில்தான் ஆற்றல் வீணாகிறது. ஒரு கார் நிறுத்துமிடம் சுமார் 12 சதுர மீட்டர். அதற்குள் எவ்வளவு நெருக்கி அடுக்கினாலும் ரோட்டர்களுக்கு 10 சதுர மீட்டருக்கு மேல் கிடைப்பது கடினம். உங்கள் 1,000 கிலோவை 10 சதுர மீட்டரில் நிறுத்தக் கொள்கையளவில் 196 கிலோவாட் வேண்டும். நடைமுறை இழப்புகளையும் சேர்த்தால் ஏறக்குறைய 280 கிலோவாட். அதே எடையை, நால்வர் அமரும் ஒரு சிறிய ஹெலிகாப்டருக்கு உள்ளதைப் போன்ற 80 சதுர மீட்டர் ரோட்டரில் தொங்கவிட்டால் 100 கிலோவாட் போதும். ஹெலிகாப்டரின் இறகுகள் அவ்வளவு நீளமாக இருப்பதற்கு இதுவே காரணம்.

280 கிலோவாட்டில் பத்து நிமிடங்கள் நிற்பதற்கு 47 கிலோவாட்-மணி ஆற்றல் தேவை. தொகுப்பு நிலையில் மின்கலம் கிலோவுக்கு 180 வாட்-மணி தரும் என்று கொண்டாலும் 260 கிலோ மின்கலம் வேண்டும். ஊர்தியின் எடையில் கால் பங்குக்கு மேல் போய்விட்டது. இன்னும் ஓரிடத்துக்கும் போய்ச் சேரவில்லை.

இவ்வளவையும் தாங்கிக்கொள்ளலாம், அந்தக் காற்றைத் தாங்க முடியாது. 10 சதுர மீட்டர் வழியாக 1,000 கிலோவைத் தாங்கும் காற்று, ரோட்டருக்குக் கீழே சென்று குறுகும்போது நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 140 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தை எட்டும். புயற்காற்றின் வேகம் அது. ஒரு தெருமுனையில் அதை இறக்கினால் தகரக் கூரையும் மணலும் கடைப் பலகைகளும் என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள். எனவே எழும்பவும் இறங்கவும் தனி மேடை தேவைப்படுகிறது. தனி மேடை வரைதான் போக முடியும் என்றால் கார் என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. சீனாவில் 2023 அக்டோபரில் வகைச் சான்றிதழ் பெற்ற ஈஹாங் 216 ஆகட்டும், ஐ.ஐ.டி. மெட்ராஸில் தோன்றிய ஈபிளேன் நிறுவனத்தின் வடிவமைப்பாகட்டும், இரண்டும் பறக்கும் டாக்சிகள். சாலையில் ஓடும் பொறுப்பை அவை ஏற்கவில்லை. அது சரியான முடிவு என்பதே என் கருத்து. ஆனால் உங்கள் திட்டம் சாலையைக் கைவிடக் கூடாது என்றால், இறக்கையோடு இருங்கள்.

மறுமொழி 3: விமானப் பராமரிப்புப் பொறியாளர்

முதல் இரு மறுமொழிகளையும் ஏற்கிறேன். ஆனால் நான்கு மாதங்களுக்கு எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டால், இறக்கை மடியும் அந்த மூட்டையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். வானுக்கும் சாலைக்கும் இடையிலான பகை முழுவதும் அந்த ஓரிடத்தில்தான் கூடி நிற்கிறது.

உங்கள் எண்களையே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்க இறக்கையும் 500 கிலோவைத் தூக்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி, உடலின் பக்கச்சுவரை ஒட்டி மூட்டு இருக்கிறது என்று கொண்டால், அதற்கு வெளியே உள்ள இறக்கை, மூட்டை மேல்நோக்கி வளைக்கும் திருப்புவிசை சுமார் 6,700 நியூட்டன்-மீட்டர். இறக்கையின் தடிமனுக்குள் மேலொரு பூட்டாணியும் கீழொரு பூட்டாணியும் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் இருந்தால், சீராகப் பறக்கும்போதே ஒவ்வோர் ஆணியின் மீதும் நாலரை டன் எடைக்குச் சமமான விசை விழும். சாதாரண வகை விமானம் தாங்கியாக வேண்டிய 3.8 மடங்கு சுமையில் அது 17 டன். ஒன்றரை மடங்கு பாதுகாப்புக் காரணியும் சேர்ந்தால் 25 டன்னைத் தாண்டும். கட்டைவிரல் பருமனுள்ள இரண்டு எஃகு ஆணிகளை நம்பி இரண்டு உயிர்கள்.

வலிமை ஒரு பெரிய விஷயமே அன்று. தகுந்த எஃகும் தகுந்த விட்டமும் அதைத் தந்துவிடும். கடினமானது தேய்மானம். வழக்கமான விமானத்தில் இந்த இணைப்பு தொழிற்சாலையில் ஒருமுறை பூட்டப்படும். பெரிய பராமரிப்பின்போது மட்டுமே திறக்கப்படும். உங்கள் ஊர்தியில் அது ஒரு நாளைக்கு நான்கு முறை திறந்து மூடப்படும், அதுவும் சாலைப் புழுதிக்கும் மழைச் சேற்றுக்கும் நடுவில். பூட்டாணி நுழையும் உலோக உறையான புஷ்ஷுக்குள் ஒரு மணல் துகள் போதும், கீறல் விழத் தொடங்கிவிடும். சாலையில் இறக்கை மடிந்திருக்கும்போது அதே கீல் வேறொரு திசையில் சுமை தாங்குகிறது. ஒவ்வொரு வேகத்தடையும் அதன் மீது ஒரு சிறு சுத்தியல் அடி. அதாவது, பறக்கும் நேரத்துக்காகக் கணக்கிட்ட களைப்பு ஆயுளை, அதாவது திரும்பத் திரும்ப விழும் சுமையால் உலோகம் விரிசல் விடும் வரையிலான ஆயுளை, பறக்காத நேரமும் தின்றுகொண்டிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்றைய இலகுரக விமானங்கள் பலவற்றின் மேற்பரப்பு கார்பன் இழை அல்லது கண்ணாடி இழைக் கலவை. உலோகத் தகட்டில் அடிபட்டால் நசுங்கிய தடம் தெரியும். கலவையில் வெளியே ஒன்றுமே தெரியாமல் உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். நாங்கள் ஐயப்படும் இடத்தில் ஒரு நாணயத்தை எடுத்து, விரல் நுனியில் பிடித்து, அங்குலம் அங்குலமாகத் தட்டிக்கொண்டே போவோம். நல்ல இடத்தில் ஓசை கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடம் வந்ததும் சட்டென்று மங்கி, மரப்பலகையைத் தட்டியது போல் மொத்தென்று ஒலிக்கும். பழகிய காதுக்கு அந்த வேறுபாடு தப்பவே தப்பாது. பழகாத காதுக்கு அது ஓசைதான், வேறொன்றுமில்லை. கடைத்தெருவில் நிறுத்தியிருந்த காரின் மடிந்த இறக்கையில் ஒரு ஸ்கூட்டரின் ஹேண்டில்பார் இடித்துவிட்டுப் போயிருந்தால், மாலையில் அதில் பறக்கப்போகிறவருக்கு அதை யார் தட்டிப் பார்த்துச் சொல்வார்கள்? விமானம் வேலிக்குள் நிற்கிறது. கார் ஊருக்குள் நிற்கிறது. இந்த வேறுபாட்டை எந்த வரைபடத்திலும் காண முடியாது, ஆனால் என்னை மிகவும் கவலைகொள்ளச் செய்வது இதுதான்.

இணைப்பு கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1973 செப்டம்பர் 11 கசப்பான சான்று. கலிஃபோர்னியாவில் ஃபோர்டு பின்டோ காரையும் செஸ்னா விமானத்தின் இறக்கை, வால் பகுதிகளையும் இணைத்து உருவாக்கப்பட்ட மைசாரில், வலப்புற இறக்கையின் தாங்குகம்பி பிரிந்தது. அதை உருவாக்கிய ஹென்றி ஸ்மோலின்ஸ்கியும் அவருடைய கூட்டாளி ஹரால்ட் பிளேக்கும் அந்த விபத்தில் இறந்தார்கள்.

கேட்டவரின் பதில்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று இரவு குழுவினரோடு அமர்ந்து அனைத்தையும் படித்தோம். மேலெழும்பும் வடிவத்தை முன்வைத்த நண்பர், மணிக்கு 140 கிலோமீட்டர் காற்றைத் தாமே மீண்டும் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொண்டார். முழு ஊர்தியையும் வரைவதைக் கைவிட்டு, மடிப்பு மூட்டை மட்டும் ஆழமாகச் செய்வதென்று முடிவு செய்திருக்கிறோம்.

பராமரிப்புப் பொறியாளர் ஐயாவிடம் இரண்டு கேள்விகள். மூட்டை உடலை ஒட்டி வைக்காமல் இறக்கையின் நுனிப்பக்கம் தள்ளினால் விசை குறையுமல்லவா? மேலும், பூட்டாணி முழுமையாக நுழைந்துவிட்டதா என்பதை உணரி ஒன்று கண்டறிந்து பச்சை விளக்கு எரியச் செய்தால் போதுமா?

மறுமொழி 4: பழைய விமானங்களில் ஆர்வமுள்ளவர்

விளக்கைப் பற்றிய கேள்விக்கு இடையில் புகுந்து ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1947 நவம்பரில் அமெரிக்காவின் சான்டியாகோ அருகே கான்வேர்கார் என்ற பறக்கும் கார் விழுந்தது. காருக்கென்று ஓர் எரிபொருள் தொட்டி, மேலே பொருத்திய விமானப் பகுதிக்கென்று இன்னொன்று. விமானி பார்த்தது காரின் எரிபொருள் முள்ளை. அது நிறைவாகக் காட்டியது. தீர்ந்துகொண்டிருந்தது விமானத் தொட்டி. விமானி உயிர் பிழைத்தார், அந்தத் திட்டம் பிழைக்கவில்லை. எந்தக் கருவியும் பழுதாகவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு ஊர்திகளின் கருவிகள் ஒரே மனிதரின் கண்ணெதிரே இருந்ததுதான் பழுது.

மறுமொழி 5: விமானப் பராமரிப்புப் பொறியாளர்

முதல் கேள்விக்கு: ஆம், வெகுவாகக் குறையும். போயிங் 777எக்ஸ் விமானத்தில் இறக்கை நுனியின் மூன்றரை மீட்டர் மட்டும் மடிகிறது. வளைக்கும் விசை மிகக் குறைவாக உள்ள பகுதி அது. ஆனால் அந்த விமானம் மடிந்த பின்பும் 64 மீட்டருக்கு மேல் அகலமாக நிற்கலாம், அதற்கேற்ற நிறுத்துமிடம் விமான நிலையத்தில் இருக்கிறது. உங்களுக்கு 9 மீட்டரிலிருந்து இரண்டேகால் மீட்டருக்கு வந்தாக வேண்டும். வேண்டுமானால் மூட்டை நடுக்கோட்டிலிருந்து ஒரு மீட்டர் வரை தள்ளிப் பாருங்கள். ஆணி விசை ஏறக்குறைய கால் பங்கு குறையும். அதற்கு மேல் சாலையின் அகலம் இடம் தராது.

இரண்டாவது கேள்விக்கு: விளக்கு வேண்டும், விளக்கு மட்டும் போதாது. 1960-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரிலிருந்து ஓர் எஃப்-8 க்ரூசேடர் போர்விமானம் இறக்கைகள் மடிந்த நிலையிலேயே கிளம்பி, மேலே போய், பத்திரமாகத் திரும்பியும் வந்தது. பயிற்சி பெற்ற படை விமானிக்கே அப்படி நேர்ந்தது. அந்த விமானத்தில் வெளிப்பகுதி மட்டுமே மடியும் என்பதாலும், இயந்திரத்தின் திறன் மிகுதி என்பதாலும் அவர் தப்பினார். உங்கள் ஊர்தியில் அந்த இரண்டும் கிடையாது. ஆகவே ஆணி முழுமையாக நுழையாதவரை ப்ரொப்பல்லருக்குத் திறன் செல்லாதபடி இயந்திரவியல் பூட்டு ஒன்று இருக்கட்டும். ஆணி நுழைந்ததும் அதன் வால் இறக்கையின் மேற்பரப்போடு சமமாகப் படிய வேண்டும். நுழையாவிட்டால் சிவப்பு வண்ணம் பூசிய பகுதி வெளியே துருத்தி நிற்க வேண்டும். ஓட்டுநர் நடந்து சுற்றிவரும்போது கண்ணுக்கும் கைக்கும் அது படட்டும்.

தேய்மானத்துக்கும் ஒரு வழி இருக்கிறது. மேலாணி, கீழாணி இரண்டிலும் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தளர்வு ஏற்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 15 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏற்படும் அந்தத் தளர்வு, மூட்டிலிருந்து 3.9 மீட்டர் தள்ளியிருக்கும் இறக்கை நுனியில் ஐந்து மில்லிமீட்டர் ஆட்டமாக வெளிப்படும். மூட்டருகே அளக்க மைக்ரோமீட்டர் வேண்டும். நுனியில் அளக்க ஒரு பள்ளிக்கூட அளவுகோல் போதும். புதிய ஊர்தியில் நுனியைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் எவ்வளவு ஆடும், எத்தனை மில்லிமீட்டர் ஆடினால் புஷ்ஷை மாற்ற வேண்டும், எத்தனை ஆடினால் பறக்கவே கூடாது என்ற மூன்று எண்களை உங்கள் அறிக்கையில் கணக்கிட்டுக் காட்டுங்கள். இறக்கை தானாக வளைவதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடாதீர்கள். அசைக்கும் விசையை மிகக் குறைவாக, ஐந்து கிலோவுக்குள் வைத்துக்கொண்டால் இரண்டையும் பிரித்தறிய முடியும். வரைபடம் தயாரானதும் இங்கே பதிவிடுங்கள், புஷ்ஷின் பொருளைப் பற்றி அப்போது பேசுவோம்.